பழைய குவார்ட்டர்ஸுக்குப் போன கிருமி

வடக்குத்து,
ஞாயிற்றுக்கிழமை.

மதிப்பிற்குரிய மச்சான் சின்னதுரை அவர்களுக்கு,

தங்கள் தங்கை காந்திமதியின் கணவன் செங்குட்டுவன் வணக்கத்துடன் எழுதுவது. முத்தாண்டிக்குப்பத்தில் தங்கள் வீட்டாரும் முந்திரித் தோப்பும் நலமாக இருக்க வேண்டுகிறேன். இங்கு நானும் நலம் என்று எழுதுவதுதான் முறை. கையிலிருக்கும் அறிக்கை அதற்குச் சம்மதிக்கவில்லை.

காந்திமதி பத்து நாளாகத் தங்கள் வீட்டில் இருக்கிறாள். என்ன சொல்லிக்கொண்டு வந்தாள் என்று தெரியாது. நடந்ததை உள்ளபடி எழுதுகிறேன். படித்துவிட்டு அவளைப் பஸ் ஏற்றிவிட வேண்டும்.

சென்ற மாதம் சுரங்க டவுன்ஷிப்பில் ஓய்வு பெற்றோர் சங்கம் மருத்துவ முகாம் நடத்தியது. பொதுநலம் கருதி நானும் போனேன். ஒரு தனியார் ஆய்வகத்தார் ஏதோ திரவத்தைக் கொடுத்துக் கொப்பளித்துக் குப்பியில் துப்பச் சொன்னார்கள். வாயிலும் தொண்டையிலும் எச்பிவி என்ற கிருமி இருக்கிறதா என்று பார்ப்பார்களாம். சுரங்கத்தில் முப்பத்திரண்டு வருடம் துப்பியவன் நான். முதல் தடவையாக ஒருவர் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டார். படிவத்தில் முகவரி கேட்டார்கள். வடக்குத்தில் வீடு கட்டி வந்து நாலு வருடம் ஆகியும், கை தன் பழக்கத்தில் டவுன்ஷிப்பில் இருந்த பழைய குவார்ட்டர்ஸ் எண்ணை எழுதிவிட்டது.

அங்கே இப்போது ஜெரால்டு குடும்பம் இருக்கிறது. உறையில் வீட்டு எண் பெரிதாக இருந்ததால் அவர் மனைவி ரெஜினா பிரித்துவிட்டார். பாசிட்டிவ். இந்தக் கிருமி எந்த உறவில் எப்படி வாய்க்கு வருகிறது என்று ஆய்வகத்தார் வண்ணப்படம் வேறு இணைத்திருந்தார்கள். ஜெரால்டு இரண்டு நாள் மறுத்துவிட்டு, மூன்றாம் நாள் களைத்துப்போய், யாரும் கேட்காத வேறொன்றை ஒப்புக்கொண்டாராம். அதற்குப் பிறகே ரெஜினா அறிக்கையின் அடியில் என் பெயரைக் கண்டார். நேரே இங்கு வந்து காந்திமதி கையில் கொடுத்தார்.

“அக்கா, உங்க வீட்டுக் கிருமி எங்க அட்ரஸுக்கு வந்துடுச்சு. இனிமே இங்கயே இருக்கட்டும்.”

தங்கள் தங்கை தாளை மேலும் கீழும் பார்த்தாள். “எங்கேர்ந்து வாங்கினு வந்தீங்க?” என்றாள், கத்திரிக்காயைக் கேட்பது போல.

மறுநாள் காது மூக்கு தொண்டை டாக்டர் மலர்கொடியிடம் தனியாகப் போனேன். “இந்த டெஸ்ட்டை உங்களை யார் எடுக்கச் சொன்னது?” என்றார். இந்தக் கிருமி பலருக்கும் எப்போதாவது வந்து, பெரும்பாலும் ஓரிரு வருடத்தில் தானே போய்விடுமாம். சிலருக்கு மட்டும் தங்கி, பல வருடம் கழித்துத் தொண்டையில் புற்றுநோயாகலாமாம். யாருக்குத் தங்கும் என்று இந்தச் சோதனை சொல்லாது. கிருமியைக் கொல்ல மருந்தும் இல்லை. ஆக, டாக்டரே கையில் வாங்கி ஒன்றும் செய்ய முடியாத ஒரு செய்தியை இரண்டு குடும்பங்களுக்கு விநியோகித்திருக்கிறார்கள். பேத்தி அபிக்கு வயது வரும்போது தடுப்பூசி போடுங்கள், அது உருப்படியான காரியம் என்றார். முகாமில் அதற்கு மேஜையே இல்லை.

“எப்ப வந்துதுன்னு சொல்ல முடியாது சார். கல்யாணத்துக்கு முன்னாடியேகூட இருக்கலாம். உங்க மனைவிகிட்டேர்ந்தும் வந்திருக்கலாம்.”

இதில் முதல் பாதியை ஆறுதல் என்று எண்ணி வீட்டில் சொன்னேன். இரண்டாம் பாதியைச் சொல்லவில்லை. உயிர் மேல் ஆசை. முதல் பாதியே தப்பா போச்சு மச்சான். “முன்னாடின்னா யாரு?”ன்னு கேட்டுகினே பையை எடுத்தவதான். யாருன்னு நான் சொல்றது? கல்யாணத்துக்கு முன்னாடி நைட் ஷிஃப்ட்டைத் தவிர எனக்கு யாரைத் தெரியும்?

எனக்கு உடம்பில் ஒரு குறையும் இல்லை என்று அவளிடம் அடித்துச் சொல்லவும். அங்குள்ள பெரியவர்களுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி.

தங்கள் அன்புள்ள,
செங்குட்டுவன்

பி.கு.: ஒரு குறையும் இல்லை என்று எழுதியதை அவளிடம் வாசிக்க வேண்டாம். டாக்டர் கடைசியாக, கழுத்தில் வலியில்லாத கட்டி ஏதும் உண்டா, அதுதான் முக்கியம் என்று கேட்டார். இருக்கிற பழி போதும் என்று இல்லை என்றேன். இடது தாடைக்குக் கீழே பொங்கலிலிருந்து ஒன்று இருக்கிறது. அதைக் காட்டிவிட்டு வரச் சொல்லித்தான் காந்திமதி என்னை முகாமுக்கே அனுப்பினாள். டாக்டர் மேஜையில் நீள வரிசை. கொப்பளிக்கிற மேஜையில் ஆளே இல்லை. வியாழக்கிழமை காட்டப் போகிறேன். கிருமியைப் பற்றி அவளிடம் எதுவும் பேசாதீர்கள். கட்டியை இன்னும் காட்டவில்லை என்று மட்டும் சொல்லுங்கள். திட்டுவதற்காவது அன்றைக்கே வந்துவிடுவாள்.