ஐஸில் வைத்த பயொப்சி

மன்னார்த் தீவில், எங்கள் கீரிக் கரையில் உயிர் போன எதைக் கையில் கொடுத்தாலும், கொடுத்தவரின் முகத்தைப் பார்க்க முன்னம் ஐஸ் எங்கே என்றுதான் தேடுவோம். நல்ல பழக்கம். அதில்தான் எங்கள் வீட்டில் சோறு வேகிறது. ஒரே ஒரு தடவை மட்டும் அந்தப் பழக்கம் எங்களை யாழ்ப்பாணம் வரை கூட்டிக்கொண்டு போய் மானத்தை வாங்கியது.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். கரையில் அப்பாவுக்கு ஒரு மீன் வாடி இருக்கிறது. அங்கே மீனைத் தரம் பிரித்து, ஐஸ் போட்டு, கொழும்பு லொறிக்குப் பெட்டி அடுக்குவது என் வேலை. ஆகவே பயொப்சி பற்றி நான் எழுதுவதைப் படித்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் பயொப்சியில் என்ன செய்யக்கூடாது என்று கேட்டால், இந்தத் தீவில் என்னைவிட அனுபவசாலி கிடைக்கமாட்டார்.

அம்மா மார்புப் புற்றுநோயில் போனவர். கட்டியை நெடுநாளாகச் சட்டைக்குள் ஒளித்து வைத்திருந்தார். ஊசியோ கத்தியோ பட்டால் பரவும் என்று யாரோ சொன்னதை நம்பி, கடைசிவரை ஒருவரையும் தொட்டுப் பார்க்க விடவில்லை. கையைத் தூக்க முடியாமல் போன பிறகுதான் எங்களுக்கே தெரியும். அம்மா போய்ச் சில மாதங்களில், குளிக்கும்போது என் மார்பிலும் ஒன்று தட்டுப்பட்டது. புளியங்கொட்டை அளவு. தொட்டால் நழுவியது. (அன்றைக்குத் தலையில் போட்ட சவர்க்காரத்தைக் கழுவ மறந்து வந்து படுத்துவிட்டேன். காலையில் தலையணை நுரைத்துக்கொண்டு கிடந்தது.)

அதை அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று ஒரு கிழமை யோசித்தேன். கடைசியில் வாடியில் வைத்து, அவர் சவளால் ஐஸ் அள்ளிக் கொட்டிக்கொண்டிருந்தபோது சொன்னேன்.

"அப்பா, எனக்கும் ஒண்டு வந்திருக்கு."

சவள் அப்படியே நின்றது. அப்பா மோட்டார் சைக்கிளை எடுத்து, "ஏறு" என்றார். ஆஸ்பத்திரியில் எங்களைச் சுற்றியிருந்த கதிரைகள் தாமாகவே காலியாகின. அப்பாவின் முழங்கையில் பாரைச் செதில் மினுங்கிக்கொண்டிருந்தது.

எங்களைப் பார்த்த டொக்டர் ஒரு பெண். ஸ்கான் எடுத்துப் பார்த்துவிட்டு, ஊசியால் சின்னத் துண்டு எடுத்துச் சோதிக்க வேண்டும் என்றார். நான் அம்மாவின் கேள்வியையே கேட்டேன்.

"ஊசி குத்தினால் பரவாதோ, டொக்டர்?"

"ஊசியால பரவாது, பிள்ளை. பயந்துகொண்டு வீட்டில இருக்கிறதுதான் ஆபத்து."

இதை அம்மாவுக்கு யாராவது இவ்வளவு சுருக்கமாகச் சொல்லியிருக்கலாம்.

துண்டு எடுக்கும் நாளில் முன்பக்கம் திறக்கிற சட்டை போட்டுப் போங்கள். நான் பூசைக்குப் போடுகிற இறுக்கமான கவுணைப் போட்டுப் போனேன். அதைக் கழற்ற எடுத்த நேரத்தில் இரண்டு பேருக்குப் பயொப்சி செய்திருக்கலாம். இரத்தத்தை இளக்குகிற குளிசை ஏதும் போடுகிறவர்கள் முதலே டொக்டரிடம் சொல்ல வேண்டும். விறைக்க வைக்கிற ஊசிதான் கொஞ்சம் கடிக்கும். பிறகு நோவு இல்லை, ஆனால் துண்டு எடுக்கிற கருவி 'டக்' என்று ஒரு சத்தம் போடும். சத்தம் வரும் என்று டொக்டர் முதலே சொன்னார். நானும் தலையாட்டினேன். சத்தம் வந்ததும், "அந்தோனியாரே" என்று ஆஸ்பத்திரி அதிரக் கத்தினேன்.

என் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற நேர்ஸ் அக்காவும் வேதக்காரி போல. பழக்க தோஷத்தில், "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்றார்.

அடுத்த 'டக்'குக்கு நான் செபஸ்தியாரைக் கூப்பிட்டேன். நேர்ஸ் அக்கா அதற்கும் மறுமொழி சொன்னார்.

"ரெண்டு பேரும் மன்றாட்டைக் கோயிலில போய் வைச்சுக்கொள்ளுங்கோ. எனக்குக் கை ஆடுது" என்றார் டொக்டர்.

எடுத்த சதை சேமியா மாதிரி மெல்லிய நூல்களாக இருந்தது. அதை ஒரு சின்னப் போத்தலில், தண்ணீர் மாதிரி ஒரு மருந்துக்குள் போட்டார்கள். இங்கிருந்து அனுப்பினால் முடிவு வரச் சுணங்கும், நீங்களே யாழ்ப்பாணத்தில் ஒரு பரிசோதனைக்கூடத்தில் கொடுத்தால் கெதியாக வரும் என்றார்கள். அப்பா உடனே ஓம் என்றார். நேர்ஸ் அக்கா போத்தலை என் கையில் வைத்து, "நாளைக்குக் காலமை கொண்டுபோய்க் குடுங்கோ. மூடியைத் திறக்காதேங்கோ" என்றார். தெளிவாகத்தான் சொன்னார். நானும் தெளிவாகத்தான் தலையாட்டினேன். (என் தலையாட்டலை நம்பியவர் எவரும் உருப்பட்டதில்லை.)

வீட்டுக்கு வந்து போத்தலை மேசையில் வைத்தேன். அப்பா அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். அவருடைய மூக்கு சாதாரண மூக்கல்ல. நேற்றைய மீனை அடுத்த ஒழுங்கையில் வைத்தே பிடித்துவிடும். சற்று நேரத்தில் மூடியைத் திருகி ஒரு மோப்பம் பிடித்தார். முகம் கறுத்தது.

"பிள்ளை, இது போமலின்."

எங்கள் தொழிலில் அது கெட்ட வார்த்தை. பழுதாகிற மீனைப் புதுசு மாதிரிக் காட்டக் கள்ள வியாபாரிகள் போடுகிற சாமான் என்று அப்பா சொல்வார். ஒருமுறை அந்த மணத்தோடு வாடிக்கு வந்த ஒரு வியாபாரியின் கூடை முழுவதையும் கடலில் கொட்டி, ஆளையும் துரத்தியவர்.

"நான் மீனுக்கே போடாத சாமானை என்ர பிள்ளையின்ர சதையில ஊத்தியிருக்கிறாங்கள்" என்றார்.

இந்த இடத்தில் நான் தடுத்திருக்க வேண்டும். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? ஆஸ்பத்திரியில் ஐஸ் இல்லைப் போல, பாவங்கள் என்று நினைத்தேன்.

பிறகு நடந்ததில் நாங்கள் இருவரும் சம பங்காளிகள். அப்பா மருந்தைக் கழிவுத் தண்ணீர் ஓடுகிற பீலிக்குள் ஊற்றினார். நூல்கள் ஓடிவிடாமல் நான் தேத்தண்ணி வடியைப் பிடித்தேன். நல்ல தண்ணீரில் அலசினோம். சூடை மீனுக்கு உடைக்கிற மாதிரி ஐஸைப் பொடியாக உடைத்தேன். பெரிய கட்டி ஐஸ் சின்ன மீனை நசித்துவிடும் என்பது எங்கள் தொழில் இரகசியம். புதுப் பையில் சதையைச் சுற்றி, மீன் அடுக்குகிற ரெஜிபோம் பெட்டிக்குள் ஐஸின் நடுவில் வைத்து, உப்புத் தூவி, மூடி, டேப் ஒட்டினோம். என் வாழ்நாளில் இவ்வளவு சுத்தமாக ஒரு பெட்டி அடித்ததில்லை.

அப்போது பக்கத்து வீட்டிலிருந்து அப்பாவின் தங்கை, என் மாமி, வந்தார். இரவல் தந்த வடியைத் தேடித்தான் வந்தவர்.

"என்ன உது வடியில ஒட்டியிருக்குது?"

அப்பா சொன்னார்.

மாமி நெற்றியிலிருந்து சிலுவை போட்டார். "அண்ணை, அது நான் தேத்தண்ணி வடிக்கிறது."

"பிள்ளையின்ர சதைதானே. வேற ஆற்றையும் இல்லையே."

மாமி அந்த வடியை எங்களுக்கே தந்துவிட்டுப் போனார்.

காலையில் யாழ்ப்பாண பஸ்ஸில் ஏறினோம். கொண்டக்டர் பெட்டியைப் பார்த்தார்.

"அய்யா, மீன் பெட்டி ஏத்தேலாது."

"மீன் இல்லை, தம்பி."

"அப்ப என்ன?"

அப்பா என்னைப் பார்த்தார். நான் வெளியே பனைமரங்களைப் பார்த்தேன்.

"மருந்து" என்றார் அப்பா.

பூநகரி வர முன்னம் மருந்து வடியத் தொடங்கியது. முன்சீற்றில் இருந்த ஓர் அம்மா செருப்பைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு எங்களைத் திரும்பிப் பார்த்தார். பின்சீற்றில் இருந்த பெரியவர் ஒருவர் அப்பாவின் தோளைத் தட்டினார்.

"றாலோ?"

"இல்லை."

"நண்டோ? எனக்கும் கொஞ்சம் தாங்கோவன்."

"விக்கிறதுக்கில்லை, அய்யா."

"பிடிச்ச ஆக்களே சாப்பிட்டால் ஊர்ச் சனம் எதைச் சாப்பிடுறது?"

நான் கவுணின் கழுத்துக்குள் முகத்தைப் புதைத்தேன்.

பரிசோதனைக்கூடத்தில் கண்ணாடி போட்ட ஒரு டொக்டர் பெட்டியைத் திறந்தார். ஐஸை விலக்கினார். பையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

"போத்தில் எங்க?"

அப்பா சட்டைப் பையிலிருந்து வெற்றுப் போத்தலை எடுத்து நீட்டினார். "கழுவிக் காயவைச்சுக் கொண்டந்தனான். நீங்கள் திருப்பிப் பாவிக்கலாம்."

டொக்டர் கதிரையில் இருந்துவிட்டார். அந்த மருந்து கள்ளச் சாமான் இல்லை, சதையை எடுத்தபடியே பிடித்து வைப்பது அதுதான் என்று பொறுமையாகச் சொன்னார். தண்ணீரில் அலசி, ஐஸில் உறைய வைத்தால் உள்ளே இருக்கிற நுணுக்கமெல்லாம் சிதைந்துபோகும் என்றார். அப்பா விடவில்லை.

"என்ர ஐஸில வைச்ச பாரை, கொழும்பு போயும் கண் வெளிறாது, டொக்டர்."

"அய்யா, நாங்கள் இதைச் சாப்பிடப் போறேல்ல. பாக்கப் போறம். இப்ப இது நல்லதோ கெட்டதோ எண்டு ஆராலயும் சொல்லேலாது."

அப்பாவுக்கு அப்போதுதான் விளங்கியது. வெளியே மர வாங்கில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். காற்சட்டை நனைந்ததைக் கூடக் கவனிக்கவில்லை.

"கொம்மா ஒருத்தரையும் பாக்க விடேல்ல" என்றார். "நீ பாக்கவிட்டாய். நான் பழுதாக்கிப்போட்டன்."

அம்மாவின் செத்தவீட்டில் கூட அப்பா அழுது நான் பார்க்கவில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன்.

"அப்பா, கட்டி இன்னும் உள்ளுக்கு அப்பிடியே இருக்கு. முடிஞ்சுபோகேல்ல."

அப்பா என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு அழுதபடியே சிரிக்கத் தொடங்கினார். நானும் சிரித்தேன். உள்ளே இருந்து டொக்டர் எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

மன்னார் டொக்டரிடம் போய் நடந்ததைச் சொன்னபோது அவர் பேனையை வைத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பினார். தோள் மட்டும் குலுங்கியது. மறுபடி ஊசி, மறுபடி 'டக்', மறுபடி புனிதர்கள். இந்த முறை போத்தலை அப்பா இருந்த திசைக்கே காட்டவில்லை. மூடியைச் சுற்றிப் பிளாஸ்டர் ஒட்டி அவர்களே அனுப்பினார்கள்.

முடிவு வரக் கிழமைக்கணக்கானது. சுணங்கினால் கெட்ட செய்தி என்று நினைக்காதீர்கள், வரிசையில் நிறையப் போத்தல்கள் இருக்கின்றன என்று நேர்ஸ் அக்கா சொன்னார். நான் அதை நம்பவில்லை. ஊசி குத்திய இடம் நீலம் பாய்ந்து மஞ்சளாகி மறைவதை ஒவ்வொரு நாளும் கண்ணாடியில் பார்த்து, அம்மாவுக்கும் இப்படித்தான் தொடங்கியதோ என்று கேட்டுக்கொண்டிருந்தேன். கேட்க வேண்டிய ஆள் இல்லை. அதுதான் எல்லாவற்றிலும் பெரிய கரைச்சல்.

முடிவு சொல்ல டொக்டர் எங்கள் இருவரையும் உள்ளே கூப்பிட்டார். புற்றுநோய் இல்லை. என் வயதுப் பெண்களுக்குச் சாதாரணமாக வருகிற கட்டி. அம்மாவுக்கு வந்த நோயை நினைத்து இடைக்கிடை வந்து காட்ட வேண்டும், அவ்வளவுதான்.

அப்பா எழும்பவில்லை. "வடிவாப் பாத்தவையோ, டொக்டர்? துண்டு பழுதாகாமல் போனதோ?"

"நல்ல பதமாய்ப் போய்ச் சேர்ந்தது, அய்யா" என்றார் டொக்டர்.

மாமி வாயை வைத்துக்கொண்டு இருப்பாரா? இப்போது கரை முழுவதும் இந்தக் கதை. அப்பா ஐஸ் வாங்கப் போனால், "மீனுக்கோ, மகளுக்கோ?" என்று கேட்கிறார்கள். பின்னேரங்களில் பெண்கள் எங்கள் முற்றத்துக்கு வந்து, "அந்தப் பஸ் கதையை இன்னொருக்காச் சொல்லு, பிள்ளை" என்பார்கள். நான் கொண்டக்டர் மாதிரியும் அப்பா மாதிரியும் நடித்துக் காட்டுவேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். சிரித்து முடிந்து எல்லோரும் போன பிறகு, சில வேளை ஒருவர் மட்டும் போகாமல் நிற்பார்.

போன கிழமை அப்படி நின்றவர் வலையிலிருந்து மீன் கழற்றுகிற அக்கா ஒருவர். எல்லோரையும்விடக் கூடச் சிரித்தவர்.

"பிள்ளை, எனக்கும் ஒண்டு இருக்குது. ஆரிட்டையும் சொல்லேல்ல."

அம்மாவுக்குச் சொல்ல எங்களிடம் இப்படி ஒரு பகிடி இருக்கவில்லை.

"நாளைக்குக் காலமை போவம், அக்கா. நானும் வாறன்" என்றேன்.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"சரி, வாறன். ஆனால் உன்ர கொப்பர் வரப்படாது."