புல்வெட்டும் வண்டிக்குப் பொட்டு வைத்த விவரம்

விஷ்ராந்த்வாடி, புனே
விஜயதசமி கழிந்த சனிக்கிழமை

மரியாதைக்குரிய சம்பந்தி, விங் கமாண்டர் ஸ்வாமிநாதன் அவர்களுக்கு சங்கரன் அநேக நமஸ்காரம். டல்லாஸில் தாங்களும், சம்பந்தி மாமியும், மாப்பிள்ளை கேஷவும், என் பெண் கிருஷ்ணப்ரியாவும் நல்லபடியாக இருக்க வேண்டுமென்று தினமும் விளக்கேற்றும்போது வேண்டிக்கொள்கிறேன். இங்கே நாங்களும் சௌக்கியம் என்று அடுத்த வரி எழுதுவது வழக்கம். இனிமேல் உங்களிடம் பொய் சொல்வதில்லை என்று தீர்மானம் செய்துகொண்டு உட்கார்ந்திருப்பதால் அந்த வரியை விட்டுவிடுகிறேன்.

கைக்குள் போன் இருக்கும்போது இந்த மனுஷன் ஏன் தபாலில் எழுதுகிறான் என்று யோசிப்பீர்கள். போன் செய்தால் நீங்கள் அந்த ஏர்ஃபோர்ஸ் குரலில் "சொல்லுங்கோ சங்கரன்" என்பீர்கள், எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டுவிடும். வாட்ஸாப்பில் எழுதினால் நீங்கள் படித்துவிட்டதற்கு இரண்டு நீலக் கோடு விழும், அதைப் பார்த்த பிறகு எனக்குச் சாதம் இறங்காது. ஒரே ஒரு பிரார்த்தனை. இதைத் தனியாகப் படியுங்கள். கிருஷ்ணப்ரியா பக்கத்தில் இருந்தால் பாத்ரூமுக்காவது எடுத்துக்கொண்டு போய்ப் படியுங்கள். என்னை என்ன வேண்டுமானாலும் திட்டுங்கள், ஆனால் அவள் காதில் விழக் கூடாது. அவள் உங்கள் வீட்டு மருமகள், என்னைப் பற்றி உயர்வாக நினைத்துக்கொண்டிருக்கிற ஒரே ஆத்மா.

விஷயம் உங்கள் புல்வெட்டும் வண்டி.

நீங்கள் எல்லோரும் கிளம்புவதற்கு முன்னால் லோஹேகாவ் பங்களாவில் எங்களுக்கு விருந்து போட்டீர்களே, அன்றைக்குத்தான் வினை ஆரம்பித்தது. பாயசம் பரிமாறும் நேரம் பார்த்து, "எலெக்ட்ரிக் வண்டி, உக்காந்துண்டே புல் வெட்டலாம், சும்மா நின்னா கெட்டுப்போயிடும், நீங்க ஓட்டுவேளா?" என்று கேட்டீர்கள். நான் வாயைத் திறப்பதற்குள் கிருஷ்ணப்ரியா, "எங்கப்பாவுக்கு எல்லா வண்டியும் ஓட்டத் தெரியும்" என்றாள். சின்ன வயசில் அவள், நம்மாத்துல ஏன் ஸ்கூட்டர் இல்லைன்னு கேட்டப்போ, "எனக்கு நன்னா ஓட்டத் தெரியும், வண்டிதான் இல்லை" என்று சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்லி வைத்தேன். பாவி, அதை இத்தனை வருஷம் பத்திரமாக வைத்திருந்திருக்கிறாள். உங்கள் எல்லார் முன்னாலும் அவள் அப்படிச் சொன்ன பிறகு நான் என்ன செய்ய? "ஓ, பேஷா ஓட்டுவேனே" என்றேன். சம்பந்தி, எனக்கு எந்த வண்டியும் ஓட்டத் தெரியாது. டிஃபென்ஸ் அக்கவுண்ட்ஸ் ஆபீஸுக்கு ஆயுசு பூரா பஸ்ஸில் போனவன். சைக்கிள்கூட யாராவது பின்னால் பிடித்துக்கொண்டால்தான்.

நீங்கள் படித்துப் படித்துச் சொன்னீர்கள். மழை விட்ட நாளில் வாரம் ஒரு தடவை வெட்டணும், மற்ற நேரம் நனையாத இடத்தில் நிற்கட்டும், தண்ணீர் விட்டு அலம்பக் கூடாது, துணியால் துடைக்கணும், அடியில் ஒட்டிக்கொண்ட புல்லைச் சுரண்டி எடுக்கணும், நிற்கிற காலத்தில் பாட்டரி முழுசாகவும் இருக்கக் கூடாது, காலியாகவும் ஆகக் கூடாது, பாதியில் இருக்கணும், முக்கியமாக சாவியைப் பிடுங்கி வைத்துவிடணும், ஏனென்றால் அது சத்தமே போடாத வண்டி, எப்போது உயிரோடு இருக்கிறது என்று தெரியாது, ஸீட்டில் ஆள் உட்கார்ந்தால்தான் நகரும், உட்கார்ந்தால் நகர்ந்துவிடும். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். தலையாட்டுவதில் எனக்கு நல்ல சர்வீஸ் உண்டு.

முதல் மழையிலேயே உங்கள் தகரக் கூரை ஷெட் ஒழுக ஆரம்பித்தது. வாட்ச்மேனும் அவன் சிநேகிதர்களும் சேர்ந்து வண்டியைத் தள்ளி போர்ட்டிகோவில் புல்லைப் பார்க்க நிறுத்தினார்கள். அதுவரைக்கும் சரிதான். அப்புறம் சார்ஜ் போட்டேன். பாதியில் நிறுத்தணும்னு நானும் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டுண்டு உக்காந்திருந்தேன். என் ஆத்துக்காரி ருக்மிணி வந்து, "எதையாவது பாதியில நிறுத்துவாளா? அச்சான்யமா இருக்கு, பாலைப் பாதி காய்ச்சி இறக்குவேளா?" என்றாள். நான் அவளுக்கு பாட்டரி சாஸ்திரம் சொல்லிக்கொடுக்கிற மும்முரத்தில் மீட்டரைப் பார்க்க மறந்துட்டேன், வண்டி முழுசா ஏறிடுத்து. இப்ப அதைப் பாதியாக்கணுமே. ஓட்டினால் குறையும். ஓட்டத்தான் தெரியாதே. சரின்னு முன் விளக்கைப் போட்டுட்டு கறிகாய் வாங்க மார்க்கெட் போனேன், கொத்தவரங்காய்க்குப் பேரம் பேசினதில் விளக்கு ஞாபகமே இல்லை, திரும்பி வந்தா வண்டி சுத்தமா காலி. மறுபடி சார்ஜ், மறுபடி முழுசு, மறுபடி விளக்கு. ஆடி, ஆவணி ரெண்டு மாசமும் உங்க வண்டி ஒண்ணு ஏகாதசி இல்லேன்னா துவாதசின்னு இருந்தது, பாதி வயிறுங்கிறதே அதுக்கு லபிக்கலை.

புல்லைப் பத்தியும் சொல்லிடறேன். "வாரா வாரம் வெட்டறேளா?"ன்னு நீங்க போன் பண்ணும்போதெல்லாம், "ஜம்முனு இருக்கு, கார்ப்பெட் மாதிரி"ன்னு சொன்னேன் பாருங்கோ, அது முழங்கால் உயரம் வளர்ந்து நின்னுண்டிருந்தது. போட்டோ கேட்டேள், அனுப்பினேன். அது போன வருஷம் நீங்களே எனக்கு அனுப்பின போட்டோ. ஓரத்துல தொப்பி போட்டுண்டு ஒரு நிழல் தெரியறதே, அது உங்க நிழல்தான். அதைப் பாத்துட்டு நீங்க, "சங்கரன், தொப்பியெல்லாம் போட்டுண்டு பிரமாதம்"னு எழுதினேள். அன்னிக்கு சாயந்திரமே கிருஷ்ணப்ரியா கூப்பிட்டு, "அப்பா, மாமனார் உன்னைப் பத்தி எல்லார்கிட்டயும் பெருமையா சொல்லிண்டிருக்கார்"னா. சம்பந்தி, முகத்தை எங்கே கொண்டு போய் வெச்சுக்கறது? பேசிட்டு போனை வெச்சவன், போர்ட்டிகோவுல அந்த வண்டிக்கு எதிரே உக்காந்து அதையே பாத்துண்டிருந்தேன். அது என்னைப் பாத்துண்டிருந்தது.

இப்போது நவராத்திரிக்கு வருகிறேன். "எங்காத்துல விளக்கில்லாம வெறிச்சுனு இருக்கக் கூடாது, கொலுவை அங்கேயே வெச்சுடுங்கோ"ன்னு சம்பந்தி மாமிதான் ருக்மிணிக்குச் சொன்னது. வெச்சோம். ஆயுத பூஜையன்னிக்கு மிக்ஸி, சுத்தியல், கத்தரிக்கோல், என் பேனா எல்லாத்துக்கும் பொட்டு வெச்சு முடிச்சவ போர்ட்டிகோவுக்கு வந்து, "இது மட்டும் என்ன அநாதையா?"ன்னு கேட்டா. அலம்பக் கூடாதுன்னு கத்தினேன். "அலம்பாம பூஜையா?"ன்னு ஈரத்துணியோட நிறுத்திண்டா, அந்த மட்டும் என் புண்ணியம். அப்புறம் சந்தனம் குங்குமம். ஸ்டியரிங்குக்கு ஒண்ணு, மூக்குக்கு ஒண்ணு, சக்கரத்துக்கு ஒண்ணு. பக்கவாட்டுல சார்ஜர் சொருகற ஓட்டை இருக்கே, "இது அதோட கண்ணாட்டம் இருக்கு"ன்னு அதுக்கு விரலை விட்டுக் கெட்டியா ஒண்ணு. பக்கத்து பங்களா ரீனா வெத்தலை பாக்குக்கு வந்திருந்தா, அவாத்துலயும் அன்னிக்கு வண்டிக்கெல்லாம் பூஜை உண்டு. அவ எட்டிப் பாத்து, "ஆண்ட்டி, ஹம் பீ கர்தே ஹைன், லேகின் பாஹர் ஸே"ன்னா. அவாளும் வெப்பாளாம், ஆனா வெளியில மட்டும்தானாம். சந்தனம் அதுக்குள்ள உள்ளே போய் செட்டில் ஆயிடுத்து.

நாலு சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சம்பழம். தீபாராதனைக்கு அழகாக இருக்கும், போகிற போக்கில் பாட்டரியும் பாதி ஆகும் என்று நான்தான் சாவியைப் போட்டு முன் விளக்கை ஏற்றினேன். நீங்கள் பிடுங்கி வைக்கச் சொன்ன சாவி. இதற்கு மேல் எழுதக் கை கூசுகிறது.

வந்தவாளுக்கு நாற்காலி பத்தலை. எங்க ஸொஸைட்டி தர்மாம்பாள் மாமி இருக்காளே, கனத்த சரீரம், முட்டிவலி, கீழே உக்கார முடியாது. நான் சொல்லச் சொல்லக் கேட்காம வண்டி ஸீட்டுல ஏறி உக்காந்துட்டா. நான் உக்காரலை. நான் தள்ளி தூணோரமா நின்னுண்டிருந்தேன். அந்த ஸீட்டு ரொம்ப சுகம், சம்பந்தி, முதுகுக்குப் பின்னால லேசா வளைஞ்சு தாங்கிப் பிடிக்கறது, ராஜா மாதிரி இருக்கும்னு மாமி அப்புறமா சொன்னா. மாலை சரியறதுன்னு ருக்மிணி அங்கேயிருந்த மஞ்சள் குமிழை மேலே இழுத்து அதுல நாரைச் சுத்தினா. அந்தக் குமிழை இழுத்தா அடியில பிளேடு சுத்தும்னு அவளுக்கு எப்படித் தெரியும்? "ர்ர்ர்"னு ஒரு சத்தம் வந்தது. யாரோ சுருதிப் பெட்டி போட்டிருக்கான்னு எல்லாரும் நினைச்சோம். சுருதி இருக்கவே வந்தவாள்லாம் பாடச் சொன்னா. மாமி பாட ஆரம்பிச்சா. ஒரு கையில சுண்டல், ஒரு கையில ஸ்டியரிங், தொடையில தாளம் போடக் கையில்லையோல்லியோ, காலால போட்டா. கால் இருந்த இடம் ஆக்ஸிலரேட்டர்.

ஆதி தாளம், சம்பந்தி. முதல் தட்டுக்கு எலுமிச்சம்பழம் நசுங்கித்து, "ஆஹா, நல்ல சகுனம்"னு எல்லாரும் கை தட்டினா. அடுத்த தட்டுக்கு வண்டி போர்ட்டிகோ சரிவுல இறங்கிடுத்து. சத்தமில்லாத வண்டியா, பாட்டு மட்டும் தூரமாப் போறாப்பல இருந்தது. பல்லவி முடியறதுக்குள்ள முழங்கால் புல்லுக்குள்ள பாதி தூரம் போயாச்சு. பயத்துல தாளம் துரித காலத்துக்கு மாற, வண்டியும் மாறித்து. என் கை, அதாவது மாமி கை, ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடிச்சுண்டுடுத்து. காலை எடுத்தா நிக்கும்னு தோணவே இல்லை, பாட்டைப் பாதியில விட்டா அபசாரம்னு மட்டும் தோணித்து, மாமிக்கு. கடைசியில சம்பந்தி மாமியோட கறிவேப்பிலைச் செடியில போய் இடிச்சு நின்னுது. உயிர்ச்சேதம் இல்லை. கறிவேப்பிலை மட்டும் மொட்டை. உங்க தொப்பியும் பிளேடுல மாட்டித் துண்டு துண்டாக் கிடந்தது. ஷெட்டு ஆணியில தொங்கின தொப்பி அங்கே எப்படி வந்ததுன்னு எனக்குப் புரியலை, காத்து பலமா அடிச்சிருக்கணும்.

இப்போதைய நிலவரம் இதுதான். வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து, துணியால் துடைத்து, அடியில் புல்லையெல்லாம் சுரண்டி எடுத்து, ஷெட் கூரைக்குத் தார்ப்பாய் போட்டு உள்ளே நிறுத்தியாகிவிட்டது. சாவியைப் பிடுங்கிவிட்டேன். சார்ஜர் உள்ளே போகவில்லை, சந்தனம் காய்ந்து கல்லாகிவிட்டது, கம்பெனி ஆள் வந்து பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறான். ஒரே ஒரு நல்ல சேதி உண்டு. செடியில் முட்டி நின்ற இடத்தில் மீட்டரைப் பார்த்தேன், சரியாகப் பாதி. இனி ஏறவும் வழியில்லை, இறங்கவும் வழியில்லை. நீங்கள் சொன்ன விஷயங்களில் அந்த ஒன்றை நிறைவேற்றிவிட்டேன்.

ஆனால் புல்தரையில் போர்ட்டிகோவிலிருந்து கறிவேப்பிலை வரைக்கும் பாம்பு போன தடம் மாதிரி ஒரு கோணல் கோடு விழுந்திருக்கிறது. அந்தப் பக்கம் இறங்குகிற விமானத்திலிருந்து பார்த்தால் பளிச்சென்று தெரியும். தீபாவளிக்கு நீங்கள் அந்த லோஹேகாவ் விமான நிலையத்தில்தான் வந்து இறங்கப் போகிறீர்கள், கிருஷ்ணப்ரியாவும் கூட வருகிறாள். தயவுசெய்து அவளை ஜன்னலோரம் உட்கார வைக்காதீர்கள். அப்பாவுக்கு ஓட்டத் தெரியாது, தெரியும் என்று ஊரை ஏமாற்றினார், அவர் பொறுப்பில் விட்டதை யாரோ ஒரு மாமி ஓட்டிக்கொண்டு போகிறவரை தூணோரம் நின்று வேடிக்கை பார்த்தார் என்று அவளுக்குத் தெரிந்தால், அப்புறம் நான் எந்த முகத்தோடு அவளை அழைத்துக்கொண்டு வர ஏர்போர்ட்டுக்கு வருவேன்? வெட்கமாக இருக்கிறது, சம்பந்தி. வேறென்ன எழுத.

மாமிக்கு என் நமஸ்காரம். குழந்தைகள் இருவருக்கும் ஆசீர்வாதம், அதற்கு நான் லாயக்கா என்பது வேறு விஷயம்.

தலை குனிந்து,
சங்கரன்

பின்குறிப்பு: ருக்மிணி எழுதறேன். கவரை ஒட்டச் சொல்லிக் கொடுத்தார், பசை தேடற நேரத்துல படிச்சுட்டேன். தர்மாம்பாள் மாமி ஆனி மாசமே கோயம்புத்தூருக்குப் பிள்ளையாத்துக்குப் போயாச்சு, அந்தப் பங்களா வாசலைக்கூட அவ மிதிச்சதில்லை. ஸீட்டுல உக்காந்தது இவர்தான். வந்த பொம்மனாட்டிகள், "மாமா, இதை நீங்கதான் ஓட்டறேளா?"ன்னு கேட்டா, உடனே போய் உங்க தொப்பியை எடுத்து மாட்டிண்டு ஏறி உக்காந்தார். பாடினதும் இவர்தான். செடியில இடிச்சு தொப்பி கீழே விழுந்தப்புறமும் இறங்க மாட்டேன்னுட்டார். ஓடிப் போய்ப் பாக்கறேன், சுண்டலெல்லாம் மடியில கொட்டிக் கிடக்கு, முகமெல்லாம் சிரிப்பு. "ஓட்டிட்டேன் பாத்தியாடி"ன்னார். கல்யாணத்தன்னிக்குக்கூட அந்த முகத்தை நான் பாத்ததில்லை. வெக்கமெல்லாம் மறுநாள்தான் வந்தது. அதனால இதைத் தனியாப் படிக்க வேண்டாம், கிருஷ்ணப்ரியாவுக்கு உரக்க வாசிச்சுக் காட்டுங்கோ. விமானத்துல அவளை ஜன்னலோரமே உக்கார வையுங்கோ. அந்தக் கோணல் கோடு அவ அப்பா ஓட்டினது.