கொழுந்தனுக்குக் கிடைத்த பெயில்

இங்கிலீஷ் சுத்தமாகத் தெரியாதவர்களால் யாருக்கும் தொந்தரவு இல்லை. எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்துவிட்டு, மிச்சத்தைப் பத்திரிகையில் கற்றுக்கொள்ளும் என்னைப் போன்றவர்களால்தான் குடும்பங்கள் கதிகலங்குகின்றன.

கைக்குழந்தை மடியில் தூங்கினால் நான் அசையமாட்டேன் (அசைந்தால் அழும், அழுதால் காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பேன்). கைக்கு எட்டுவது வீட்டுக்காரரின் இங்கிலீஷ் பேப்பர் மட்டுமே. அதில் எனக்குப் புரிந்தது கோர்ட்டுச் செய்திதான். வாரண்ட், பெயில், ஃபோர்ஜரி, அப்பீல் என்று படித்துப் படித்துப் பாதி வக்கீலாகிவிட்டேன்.

என் கொழுந்தன் சேகர் திருவள்ளூரில் ஒரு வக்கீல் குமாஸ்தாவுக்கு எடுபிடி. டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்தால்தான் பெண் என்று பொதட்டூர்பேட்டையில் நெல் விவசாயம் செய்யும் பெரியவர் ஒருவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ரிசல்ட் அடுத்த வாரம்தான், ஆனால் பாஸ் நிச்சயம் என்று சேகர் அடித்துச் சொன்னதை நம்பி, அன்று மணவாள நகரில் எங்கள் வீட்டுக்குப் பெண் வீட்டார் நிச்சயத் தட்டோடு வருவதாக ஏற்பாடு.

காலையில் பூக்காரம்மா வாசலில் கூடையை இறக்கினாள்.

"கோர்ட்டாண்ட பேசிக்கினாங்க, உங்க கொயுந்தனாரு பெயிலாமே. பாவம், மூஞ்ச தொங்கப் போட்டுக்கினு போனாரு."

வேறு யாராக இருந்தாலும் பரீட்சை என்று புரிந்துகொண்டிருப்பார்கள். எனக்குத்தான் சட்டம் தெரியுமே. பெயில் என்றால் ஜாமீன். ஜாமீன் என்றால் கைது. கைது என்றால் குற்றம். கொலையாக இருக்காது, கரப்பான் பூச்சியைக் கண்டாலே கட்டில்மேல் ஏறுகிற பிள்ளை. திருட்டா? வெல்லத்தைத் தவிர எதையும் தொட்டதில்லை. சீட்டிங்தான் என்று தீர்ப்பு எழுதிவிட்டேன்.

வீட்டுக்காரர் இனிப்பு வாங்கப் போயிருந்தார். மாமியார் குளித்துக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்துப் பெண் வீட்டார் வந்துவிட்டார்கள். மறைத்தால் ஒரு பெண்ணின் வாழ்க்கை போய்விடும். சொன்னால் கொழுந்தனின் கல்யாணம் போய்விடும். குழந்தையை இடுப்பு மாற்றி மாற்றி யோசித்தேன். மாப்பிள்ளை எங்கே என்று பெரியவர் கேட்டதும் வாய் முந்திக்கொண்டது. விவசாயிக்குப் புரியட்டுமே என்று தமிழில் வேறு சொன்னேன்.

"ஜாமீன்ல இருக்காருங்க. சீட்டிங் கேஸாத்தான் இருக்கும், நிக்காதுங்க. அப்பீல் போகலாம்."

பெரியவரின் மனைவி கீழே வைத்த தட்டை மறுபடி மடிக்கு எடுத்துக்கொண்டார். சேகர் உள்ளே நுழைந்தது அப்போதுதான்.

"இன்னா பண்ணே நைனா?" என்றார் பெரியவர்.

"மன்னிச்சிடுங்க மாமா. பதட்டத்துல கண்டபடி அடிச்சிட்டேன்."

"யார அடிச்சே?"

"மெஷினத்தான் மாமா. டைப்பு பரிச்சையில. ரிசல்ட்டு முன்னாடியே வந்துடுச்சு, பெயிலாயிட்டேன்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் குழந்தையைப் பார்த்தேன் (அதுவும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது).

பெரியவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "ஜெயிலுக்குப் போவாம பெயிலுக்குத்தான் போனியா? வுடு, இன்னொரு தபா எய்து."

தட்டு மறுபடி கீழே இறங்கியது. வெறும் பரீட்சைச் செய்தியாக வந்திருந்தால் அது பொதட்டூர்பேட்டைக்கே திரும்பியிருக்கும் என்பது என் கட்சி. வீட்டுக்காரர் இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை.

அந்தப் பெண்தான் இப்போது என் ஓர்ப்படி. புருஷனோடு சண்டை என்றால் மாமியாரிடம் போகமாட்டாள், அம்மா வீட்டுக்கும் போகமாட்டாள். நேராக என் முன்னால் வந்து நிற்பாள்.

"நீங்க ஜாமீன் குடுத்த ஆளுதானேக்கா? வந்து இன்னான்னு கேளுங்க."