அப்பாவின் வலது காலும் அழியாத மையும்

அரைகுறையாகப் படித்தவருக்கு இருக்கும் துணிவு முழுதாகப் படித்தவருக்கு வருவதே இல்லை. பிசியோதெரபி படிக்கப் போன முதல் வருடத்தில் எனக்கு இருந்த துணிவை இன்று நினைத்தால் எனக்கே பொறாமையாக இருக்கிறது. இப்போது ஆஸ்பத்திரியில் நாள் முழுக்க மற்றவர்களின் முழங்காலை மடக்குவதும் நீட்டுவதுமே என் வேலை. ஒரு காலைப் பற்றி வாய் திறக்குமுன் இரண்டு தரம் யோசிக்கிறேன். அப்போது யோசித்ததே கிடையாது. கொழும்பிலிருந்து மன்னாருக்கு வரும் பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவரின் முழங்கால் வலிக்குக் காரணம் சொல்லிக்கொண்டே வருவேன். (அவர் கேட்டாரா என்று கேட்காதீர்கள். மதவாச்சியில் தேநீருக்கு நிறுத்தியபோது வேறு இருக்கைக்கு மாறிவிட்டார்.)

அந்த வருடம் உயிர்ப்பு ஞாயிறு முடிந்த கையோடு எங்களுக்குக் கால் பற்றிய செய்முறைப் பரீட்சை. பரீட்சகர் உயிருள்ள ஒரு காலில் எங்காவது விரலை வைப்பார். அதற்குக் கீழே இருப்பது எந்த எலும்பு, எந்தத் தசை, அதற்குப் போகும் நரம்பு எது என்று சொல்ல வேண்டும். விடுமுறையில் படிக்க எனக்கு ஒரு கால் தேவைப்பட்டது. அம்மா முடியாது என்றுவிட்டார். மிஞ்சியது அப்பா.

அப்பாவின் கால் இந்தப் படிப்புக்கென்றே செய்து வைத்தது போல இருக்கும். சின்ன வயதிலிருந்து கடலில் வலை இழுத்த கால். தோலுக்குக் கீழே கொழுப்பு என்று ஒன்று இல்லை. பெருவிரலைத் தூக்கச் சொன்னால் அதை இழுக்கும் தசைநார் பாதத்தின் மேல் கயிறாக எழும்பும். குதியை உயர்த்தினால் கெண்டைக்கால் தசை இரண்டு பாதியாகப் பிரிந்து நிற்கும். எங்கள் வகுப்பில் காட்டிய படங்களில்கூட அவ்வளவு தெளிவு இல்லை.

ஆனால் அப்பாவுக்குத் தன் பாதங்களைப் பிடிக்காது. உப்புத்தண்ணீரில் ஊறி ஊறி, குதி முழுக்க வெடிப்பு. வீட்டுக்கு யாராவது வந்தால் காலை மெல்லக் கதிரைக்குக் கீழே இழுத்துக்கொள்வார். பெரிய வியாழன் பூசையில் பாதர் பன்னிரண்டு ஆண்களை வரிசையாக இருத்தி, யேசு சீடர்களுக்குச் செய்தது போலப் பாதம் கழுவுவார். அதற்கு அப்பாவைப் பலமுறை கேட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் காய்ச்சல், தடிமன் என்று ஏதாவது சொல்லித் தப்பிவிடுவார். அந்த வருடம் புதிதாக வந்த பாதர் வீட்டுக்கே வந்து, என் படிப்பையும் விசாரித்துவிட்டு, கேட்டார். அப்பாவால் மறுக்க முடியவில்லை.

அன்றிலிருந்து அவர் தன் கால்களைப் பராமரித்த விதத்தைப் பார்த்திருக்க வேண்டும். காலையில் கல்லால் தேய்ப்பார். மாலையில் தேங்காய் எண்ணெய். அம்மா முகத்துக்கு வைத்திருந்த கிறீம் முழுவதும் குதிக்காலுக்குள் போய்விட்டது. பெரிய புதன்கிழமை பின்னேரம், சாரத்தை முழங்காலுக்கு மேல் மடித்து, கழுவித் துடைத்த கால்களை முக்காலியில் நீட்டிவிட்டு இருந்தார். எங்கள் வீட்டில் அவ்வளவு சுத்தமான கால்களை நான் கண்டதில்லை. எனக்குக் கை துறுதுறுத்தது. காலிலேயே வரைந்து பெயர் எழுதிப் படிக்கட்டுமா என்று கேட்டேன்.

“கழுவினாப் போயிடுந்தானே, பிள்ளை?” என்று மட்டும் அப்பா கேட்டார்.

“சவர்க்காரம் போட்டா ஒரு நிமிசத்தில போயிடும் அப்பா,” என்றேன். அந்தக் குரலைக் கேட்டிருந்தால் நீங்களும் காலை நீட்டியிருப்பீர்கள்.

என் பேனாக்கள் காய்ந்து போயிருந்தன. மீன் போடும் எடையில்லாத வெள்ளை ரெஜிபோம் பெட்டிகளுக்குப் பக்கத்தில், அவற்றில் பெயர் எழுத அப்பா வைத்திருந்த கறுப்பு மார்க்கர் ஆணியில் தொங்கியது. அதை எடுத்தேன். வலது காலில் எலும்பும் மூட்டும், இடது காலில் தசையும் நரம்பும் என்று பிரித்துக்கொண்டேன். முழங்கால் சில்லைச் சுற்றி வட்டம் போட்டேன். பாதத்துச் சின்ன எலும்புகளை ஒவ்வொன்றாகக் கோடிட்டுப் பெயர் எழுதினேன். இடது காலில், முழங்காலுக்கு வெளிப்பக்கம் வளைந்து இறங்கும் நரம்பைப் பெருவிரல் இடுக்கு வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தேன். உள்ளங்காலுக்கு வந்தபோது அப்பா கூச்சத்தில் உதைத்ததில் என் மூக்கிலும் ஒரு கோடு விழுந்தது. மற்றபடி அவர் நித்திரையாகிவிட்டார். முடித்துவிட்டு எழுந்து நின்று பார்த்தேன். பரீட்சகரே கைதட்டுவார் என்று தோன்றியது.

பிறகு சவர்க்காரம் போட்டோம். நுரை வெள்ளையாகவே வந்தது.

மறுநாள் மத்தியானம் வரை தேசிக்காய், பற்பசை, மண்ணெண்ணெய், சாம்பல் என்று வீட்டில் இருந்த எல்லாவற்றையும் அந்தக் கால்கள் பார்த்துவிட்டன. தோல் சிவந்தது, எழுத்து இன்னும் எடுப்பாகத் தெரிந்தது. வெறும் பெட்டிகளை இறக்கிவிட்டுப் போக வந்த கொழும்புக்கு மீன் ஏற்றும் எருக்கலம்பிட்டி லொறிக்கார நானா, வாசலிலேயே நின்று அப்பாவின் காலை மேலிருந்து கீழ்வரை வாசித்தார்.

“ஐஸ் தண்ணியில கிடந்து கொழும்பு வரைக்கும் போற எழுத்து இது,” என்றார். “அழியக் கூடாதெண்டுதானே நாங்க இந்தப் பேனை வாங்கிறது.”

வீட்டில் நாளும் கண்ணில் படும் பேனா. ஒரு கணமாவது யோசித்திருக்கலாம்.

அப்பா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் பரவாயில்லை. காலைச் சாரத்துக்குள் இழுத்துக்கொண்டு, “நான் வரேல்லை எண்டு பாதருக்குச் சொல்லிவிடுங்கோ,” என்று அம்மாவிடம் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை வருடம் ஒளித்த காலை இப்போதுதான் வெளியே நீட்டத் துணிந்தார். அதைக் கெடுத்தது நான்.

அம்மா அசையவில்லை. “பேர் வாசிச்சாச்சு. பதினொரு சீடரை வச்சுக்கொண்டு பாதர் என்ன செய்யிறது? வேட்டியைப் பதிச்சுக் கட்டுங்கோ,” என்றார்.

வழக்கமாகக் கழுவுவது வலது காலை. அதற்குப் பதில் இடது காலை நீட்டலாமா என்று ஆலோசித்தோம். பார்த்தால் அதில் நரம்புகள் விரலிடுக்கு வரை ஓடியிருந்தன. வலது காலே தேவலை என்று முடிவாயிற்று. வேட்டி நிலத்தைக் கூட்ட, அப்பா கடைசிக் கதிரையில் போய் இருந்தார். கோயில் நிறையச் சனம். வெளிநாட்டு உறவுகளுக்காக ஒரு கமரா வேறு பூசையை நேரடியாக அனுப்பிக்கொண்டிருந்தது. பாதர் ஒவ்வொருவராகக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்தார். நான் தூணுக்குப் பின்னால் போய்விட்டேன்.

பாதர் அப்பாவின் முன் முழந்தாளிட்டு, பாதத்தைக் கையில் ஏந்தி, வேட்டியை நனையாமல் உயர்த்தினார். அப்படியே இருந்துவிட்டார். தண்ணீர் ஊற்றவில்லை. தலையைச் சாய்த்து வாசிக்கத் தொடங்கினார்.

எங்களுக்குத் தெரியாத ஒன்று இருந்தது. பாதர் குருமடத்தில் படித்த காலத்தில் பெரிய உதைபந்தாட்டக்காரர். விளையாட்டில் வலது கணுக்கால் முறிந்து, வெளிப்பக்க எலும்பில் தகடு வைத்தவர். அந்த ஒரு மூட்டைப் பற்றி அவருக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. அவர் அப்பாவின் வெளிக் கணுக்கால் புடைப்பில் விரலை வைத்து மெல்லக் குனிந்து சொன்னார். மெல்லத்தான் சொன்னார். ஆனால் சட்டையில் மைக் இருந்தது.

“இது பிபுலா. மகள் டிபியா எண்டு எழுதியிருக்கிறா. உள்ளையும் வெளியையும் மாத்திப்போட்டா.”

கோயில் முழுக்கக் கேட்டது. கமரா வழியாகக் கனடாவுக்கும் கேட்டது. (பிபுலா வெளிப்பக்கத்து எலும்பு, டிபியா உட்பக்கத்து எலும்பு. என் புத்தகத்தில் இருந்தது இடது காலின் படம். அதை அப்படியே பார்த்து வலது காலில் வரைந்திருக்கிறேன்.) தூண் இன்னும் கொஞ்சம் அகலமாக இருந்திருக்கலாம் என்று பட்டது.

அப்பா காலை இழுத்துக்கொள்வார் என்று நினைத்தேன். அவர் இழுக்கவில்லை. தன் பாதத்தை ஒருமுறை உற்றுப் பார்த்தார். பிறகு வேட்டியைத் தானே இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தார்.

“பரவாயில்லை பாதர், கழுவுங்கோ,” என்றார். “பிள்ளைக்குச் சோதனை செவ்வாய்க்கிழமைதான். அதுக்கிடையில திருத்திப்போடுவா.”

முன்வரிசையில் யாரோ சிரிப்பை அடக்கப் பார்த்தார்கள். முடியவில்லை. பிறகு கோயிலே சிரித்தது. பாதர் தோள் குலுங்கத் தண்ணீர் ஊற்றி, துடைத்து, நான் பிழையாக எழுதிய கணுக்காலுக்குக் கீழே குனிந்து முத்தமிட்டார்.

பூசை முடிந்து நாங்கள் வீட்டுப் படி ஏறுமுன் அப்பாவின் தங்கையான கனடா மாமியின் அழைப்பு வந்துவிட்டது. அண்ணன் பச்சை குத்திவிட்டாரா என்று கேட்டார். மறுநாள் பெரிய வெள்ளி. சிலுவையை முத்தமிட எல்லோரும் வெறுங்காலுடன் வரிசையில் நின்றபோது, சனம் பார்த்தது சிலுவையை அல்ல என்பதை வருத்தத்துடன் தெரிவிக்கிறேன். அந்த மையை அழிக்க ஆஸ்பத்திரி ஸ்பிரிட் தொட்ட பஞ்சு போதும் என்று விடுதித் தோழி பிறகு சொன்னாள். ஒரு போத்தல் ஸ்பிரிட் என் பையிலேயே இருந்தது.

செவ்வாய்க்கிழமை பரீட்சகர் ஒரு வலது காலின் வெளிக் கணுக்காலை நோக்கி விரலைக் கொண்டுபோனார். விரல் தோலைத் தொடுமுன் “பிபுலா” என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போல. அடுத்த அறையிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்தார்.

காலைத் தவிர மற்ற எதையும் இன்றைக்கும் நான் உறுதியாகத்தான் சொல்லுவேன். அது பிறவிக் குணம். ஊருக்குப் போய், என்னைப் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டார் முன்னிலையிலோ வந்த விருந்தாளிகள் முன்னிலையிலோ ஏதாவது ஒன்றை அடித்துப் பேசத் தொடங்கினால், அப்பா மறுத்து ஒரு வார்த்தை சொல்வதில்லை. ஒருகாலத்தில் யார் வந்தாலும் கதிரைக்குக் கீழே போய்விடும் அந்த வலது காலை, எல்லோரும் பார்க்கும்படி நடு வீட்டில் நீட்டுவார். நான் பேச்சை நிறுத்திவிடுவேன்.