வலது கன்னம் மட்டும்

கரண்ட் போனபோது அம்சவேணியின் முகத்தில் வலது பாதி முடிந்திருந்தது. இடது பாதி ஜெல்லைப் பூசிக்கொண்டு காத்திருந்தது.

"இப்ப வந்துடும்க்கா," என்றாள் அபிநயா, இரண்டு உலோகக் குச்சிகளைக் கையில் பிடித்தபடியே.

செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்குப் பக்கத்துச் சந்தில், ஒரு கஃபேயின் மாடியில் இருந்தது அவளுடைய அழகு நிலையம். வெளிநாட்டுக்காரர்கள் கேட்கிறார்கள் என்பதற்காகப் புது மெஷின் ஒன்று வாங்கிப் போட்டிருந்தாள். ஊசி கிடையாது, கத்தி கிடையாது. மெல்லிய மின்சாரத்தைக் கன்னத்துத் தசைக்குள் அனுப்பித் தொங்கியதைத் தூக்கிவிடும். எறும்பு ஊர்வது போல இருக்கும், நாக்கில் லேசாக இரும்பு ருசிக்கும். அவ்வளவுதான்.

அபிநயாவுக்கு ஒரு தொழில் முறை உண்டு. முதலில் வலது பக்கத்தை முழுதாக முடிப்பாள். பிறகு கண்ணாடியைக் கையில் கொடுப்பாள். வந்தவர் இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டுப் பார்த்து வாயைப் பிளந்த பிறகுதான் இடது பக்கத்தில் கை வைப்பாள்.

அம்சவேணியும் வாயைப் பிளந்திருந்தாள். வலது புருவம் ஒரு படி ஏறியிருந்தது. பல வருஷமாகப் படுத்துக் கிடந்த கன்னம் எழுந்து உட்கார்ந்திருந்தது. சரியாக அப்போதுதான் மேலே ஃபேன் நின்றது.

அபிநயா போனைப் பார்த்தாள். முகம் மாறியது. "குரூப்ல போட்டிருக்காங்கக்கா. மாதாந்திரப் பராமரிப்பாம். காலைல ஒன்பதுல இருந்து சாயங்காலம் அஞ்சு வரைக்கும்."

"அஞ்சா? நாலு மணிக்கு சம்பந்தி வீட்ல வர்றாங்கடி!"

சம்பந்தி என்று சொன்னது கொஞ்சம் அவசரம்தான். அம்சவேணியின் மகள் ஓவியாவும் போளூர்ப் பையன் அன்பரசனும் சென்னையில் ஒரே கம்பெனியில் வேலை பார்த்து, மூன்று வருஷமாகக் காதலித்துக்கொண்டிருந்தார்கள். எல்லாரும் சரி என்றாகிவிட்டது. அன்பரசனின் அம்மா ஜோதியம்மாள் ஒருவர் மட்டும் வாயைத் திறக்கவில்லை. பெண் வீட்டுக்கு வாங்க என்றால் காய்ச்சல். கோயிலில் சந்திக்கலாம் என்றால் கால்வலி. அன்பரசனோ, அம்மா ஒரு வார்த்தை சொல்லாமல் தாலி கட்ட மாட்டான். ஒருவழியாக இப்போதுதான் ஜோதியம்மாள் இறங்கி வந்திருந்தார். பௌர்ணமிக் கூட்டத்தில் பேச முடியாது, சாதாரண சனிக்கிழமையில் கிரிவலம் வருகிறோம், நடந்துகொண்டே பேசிக்கொள்ளலாம் என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

அதோடு விட்டிருந்தால் அம்சவேணி அழகு நிலையம் பக்கமே வந்திருக்க மாட்டாள். போன ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் ஓவியா அன்பரசன் வீட்டாரோடு பேசிக்கொண்டிருந்தபோது, பின்னால் அப்பளம் பொரித்துக்கொண்டிருந்த அம்சவேணியைப் பார்த்து, பையனின் தாய்மாமன் இருசப்பன் மிகுந்த மரியாதையோடு கேட்டார்: "பாட்டிம்மா, உடம்பு நல்லாருக்கீங்களா?"

அவளுக்கு வயது நாற்பத்தொன்பது. வேங்கிக்காலில் ஒரு பள்ளியில் அறிவியல் டீச்சர்.

"இன்வெர்ட்டர்ல போடு," என்றாள் இப்போது.

"அது ஃபேனுக்கே அழுவுதுக்கா. கீழ கஃபேல ஜெனரேட்டர் இருக்குது. வாங்க."

மெஷின் கீழே இறங்கியது. மூங்கில் சோபாவில் அம்சவேணி மல்லாந்தாள். பக்கத்து மேஜை வெள்ளைக்காரப் பெண்மணி இதுவும் ஏதோ பூஜை என்று நினைத்து, டீயை வைத்துவிட்டுக் கைகூப்பினாள். ஜெனரேட்டர் இரண்டு முறை இருமியது. மெஷினில் சிவப்பு விளக்கு எரிந்தது. பிறகு எந்த விளக்கும் எரியவில்லை.

"மெஷினும் போச்சு," என்றாள் அபிநயா. அழுதுவிடுவாள் போல இருந்தது. அவளைச் சமாதானப்படுத்துவதில் அரை மணி நேரம் போனது. அதற்குள் இடது கன்னத்தில் ஜெல் காய்ந்து பொருக்குத் தட்டிவிட்டது.

வீட்டுக்கு வந்து அதைத் தேய்த்துக் கழுவியதில் கன்னம் சிவந்தது. சிவப்புக்கு ஐஸ் வைத்தாள். ஐஸ் வைத்ததில் சற்று வீங்கி, வீங்கியது இன்னும் கீழே இறங்கியது. காலையில் இரண்டு கன்னத்துக்கும் ஒரு படி வித்தியாசம். மத்தியானத்துக்குள் அது ஒரு மாடி ஆகியிருந்தது.

அபிநயாவுக்குப் போன் போட்டாள். "ஏன்டி, அந்த வலது பக்கத்தையாவது பழையபடி இறக்கிவிட முடியுமா?"

"எனக்கு ஏத்த மட்டும்தான்க்கா தெரியும். அது தானா ரெண்டு மூணு நாள்ல இறங்கிடும்."

கணவர் அர்ஜுனன் தாலுகா ஆபீசில் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் நான்கு பக்கமும் நின்று பார்த்துவிட்டுத்தான் பேசுவார். மனைவியைச் சுற்றி ஒரு முறை நடந்து வந்தார்.

"வலது பக்கம், கல்யாணத்தப்ப இருந்த மாதிரி இருக்க வேணி."

"இடது பக்கம்?"

"கல்யாணத்துக்கு அப்புறம் இருக்கற மாதிரி."

"விளையாடற நேரமாங்க இது? அந்தம்மா நேருக்கு நேர் பார்த்தா, பாரிச வாயு வந்தவன்னு நினைச்சுடுவாங்க. வியாதிக்காரி வீட்ல பொண்ணு எடுப்பாங்களா?"

அர்ஜுனன் மின்கட்டண அட்டையின் பின்புறத்தில் ஒரு வட்டம் போட்டார். நடுவில் மலை. "இதைப் பாரு. கிரிவலத்துல மலை எப்பவும் நமக்கு வலது பக்கம். நடக்கறது ரோட்டோட இடது ஓரமா. நீ ஓரத்துலயே நட. அந்தம்மா உனக்கு வலது பக்கம் வந்துடுவாங்க. பதினாலு கிலோமீட்டருக்கும் உன் வலது கன்னத்தைத் தவிர வேற எதையும் பார்க்க வழியில்லை. மலையைச் சுத்தறவங்க யாரும் திரும்பி நடக்க மாட்டாங்க."

இத்தனை வருஷ வாழ்க்கையில் கணவரின் உத்தியோகத்தால் கிடைத்த முதல் பலன் இதுதான் என்று அம்சவேணி நினைத்தாள்.

நாலு மணிக்கு ராஜகோபுரத்தின் முன்னால் எல்லாரும் கூடினார்கள். ஓவியாவும் அன்பரசனும் வணக்கம் போட்ட கையோடு முன்னால் போய்விட்டார்கள். ஜோதியம்மாள் ஒடிசலாக, கருப்பாக, பார்வையில் ஒரு கூர்மையோடு இருந்தார். இருசப்பன் போளூரில் மைக் செட் வாடகைக்கு விடுபவர். அம்சவேணியைப் பார்த்துக் கும்பிட்டு, "பாட்டி வரலைங்களா?" என்றார். அவள் இடது ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

திட்டம் முதல் கிலோமீட்டருக்கு அருமையாகப் போனது. ஜோதியம்மாள் வலது பக்கம் வந்தார். அம்சவேணி தன் தூக்கி நிறுத்திய கன்னத்தைக் காட்டியபடி, "வழியெல்லாம் சௌகரியமா இருந்துச்சுங்களா?" என்றாள்.

ஜோதியம்மாள் எதிரே போன பஸ்ஸைப் பார்த்தார்.

"வெயில் இன்னிக்குக் கம்மிதாங்க."

ஜோதியம்மாள் ரோட்டைப் பார்த்தபடி நடந்தார். திமிர் என்று நினைத்தாள் அம்சவேணி.

திடீரென்று ஜோதியம்மாள் ஒரு அடி பின்வாங்கி, சுற்றிக்கொண்டு, அம்சவேணிக்கு இடது பக்கம் வந்து நின்றார். குரலில் அப்படி ஒரு பாசம். "பொண்ணு அப்படியே உங்க ஜாடைங்க டீச்சர்."

எந்த ஜாடை? ஏறின ஜாடையா, இறங்கின ஜாடையா? அம்சவேணி சட்டென்று முகத்தை மலைப் பக்கம் திருப்பிக் கைகூப்பி, "அண்ணாமலையானே," என்றாள். ஜோதியம்மாள் அதையே இன்னொரு முறை சொன்னார். அம்சவேணி இன்னும் உரக்க அண்ணாமலையானைக் கூப்பிட்டாள். மரியாதைக்காவது முகம் பார்த்துப் பேச வேண்டுமே என்று நினைத்து, உடம்பு முழுவதையும் திருப்பி, வலது கன்னம் மட்டும் அந்தப் பக்கம் தெரியும்படி நாலைந்து அடி பின்னோக்கி நடந்தாள். எதிரே வந்த கரும்புச்சாறு வண்டிக்காரர் ஒதுங்கி வழிவிட்டார்.

அப்புறம் இடது ஓரத்துக்கான போட்டி ஆரம்பமானது. அம்சவேணி ஓரத்துக்கு ஒதுங்குவாள். ஜோதியம்மாள் அவளுக்கும் ஓரமாக ஒதுங்குவார். ரோடு போய் நடைபாதை வந்தது. நடைபாதையில் வரிசையாக உட்கார்ந்திருந்த சாமியார்கள் ஒருவர் பின் ஒருவராகக் காலை மடக்கிக்கொண்டார்கள். நடைபாதையும் முடிந்து, இரண்டு பேரும் முள்ளுச்செடிக்குள் நடந்தார்கள்.

'பார்த்துட்டாங்க,' என்று அம்சவேணிக்கு நிச்சயமாகிவிட்டது. 'இடது கன்னத்துல ஏதோ கோளாறுன்னு கண்டுபிடிச்சு, அதைச் சோதிக்கத்தான் இப்படிச் சுத்தி சுத்தி வர்றாங்க.'

கிரிவலப் பாதை செங்கம் ரோட்டை விட்டுத் திரும்பும் இடத்தில் ஓவியா ஓடிவந்து கையைப் பிடித்து இழுத்தாள். "ம்மா, என்னம்மா பண்ற? அத்தை பேசினா மூஞ்சியத் திருப்பிக்கற. உங்கம்மாவுக்கு எங்கம்மாவப் புடிக்கலையான்னு அன்பு கேக்கறான்."

"அவங்க என் கன்னத்தையே பாக்கறாங்கடி."

"எந்தக் கன்னத்தை? மூணு வருஷம் கெஞ்சி இப்பதான் வந்திருக்காங்க. இன்னிக்கு அவங்க வேணாம்னுட்டா அவ்ளோதான்மா." ஓவியாவின் கண் கலங்கியிருந்தது. அதைப் பார்த்ததும் அம்சவேணிக்கு வீடியோ காலும் பாட்டியும் எல்லாம் மறந்துபோனது. கன்னம் எப்படியோ போகட்டும், இந்தப் பிள்ளைக்கு ஒரு சரி கிடைத்தால் போதும் என்றிருந்தது.

இதற்கிடையில் இருசப்பன் வேறு. எதையோ யோசித்தபடி பின்னால் வந்தவர், திடீரென்று அம்சவேணியின் வலது பக்கம் வந்து, காதருகே குனிந்து, "கால் வலிக்குதுங்களா டீச்சரம்மா!" என்று கத்தினார். வேப்பமரத்துக் காக்கைகள் பறந்தன. மைக் செட் தொழிலில் குரல் அப்படித்தான் ஆகும்போல என்று அம்சவேணி நினைத்துக்கொண்டாள். அர்ஜுனனிடம் மட்டும் அவர் ஏன் மெதுவாகப் பேசுகிறார் என்பதுதான் புரியவில்லை.

"டீ குடிப்போமா!" என்றார் அவர் அடுத்து, அதே காதில்.

அடி அண்ணாமலையில் ஒரு டீக்கடை முன்னால் நீளமான மரபெஞ்சு கிடந்தது. இருசப்பன் அதன் வலது கோடியில் உட்கார்ந்தார். அம்சவேணி இடது கோடிக்கு விரைந்தாள். ஜோதியம்மாளும் இடது கோடிக்கு விரைந்தார். ஒரே நேரத்தில், ஒரே இடத்தில், இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். டீ வாங்குவதற்காக இருசப்பன் அந்த நொடியில்தான் எழுந்தார்.

பெஞ்சின் வலது கோடி ஆகாயத்துக்குப் போனது. சம்பந்திகள் இருவரும் மண்ணுக்குப் போனார்கள்.

ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து, மூக்குக்கு மூக்கு நேராக உட்கார்ந்திருந்தார்கள். கடையின் ட்யூப்லைட் வெளிச்சம் அம்சவேணியின் முகத்தில் இரண்டு பாதியிலும் பாரபட்சமில்லாமல் விழுந்தது. இனி மறைக்க ஒன்றும் இல்லை. ஜோதியம்மாள் அவளை உற்றுப் பார்த்தார். அவளுடைய தோளைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், அவள் உட்காரப்போன இடத்தைப் பார்த்தார். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். என்ன ஏது என்று தெரியாமல் அம்சவேணியும் சிரித்தாள். அவளுடைய வலது பக்கம் மட்டும் கொஞ்சம் அதிகமாகச் சிரித்தது.

ஜோதியம்மாள் எழுந்து தம்பியைத் தனியாகக் கூட்டிப் போனார். வேப்பமரத்தடியில் ஏதோ பேசினார்கள். இருசப்பன் அடிக்கடி அம்சவேணியைத் திரும்பிப் பார்த்துத் தலையாட்டினார். ஓவியா நகத்தைக் கடித்தாள். அர்ஜுனன் டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார், அது ஆறி ரொம்ப நேரமாகியிருந்தது.

திரும்பி வந்தபோது ஜோதியம்மாளின் கையில் ஒரு முழம் மல்லிகை இருந்தது. நேராக ஓவியாவிடம் போய் அதைத் தலையில் வைத்துவிட்டார். "தை மாசமே வச்சுக்கலாம்ங்க," என்றார் அர்ஜுனனிடம். "இந்த மாதிரி ஒரு சம்பந்தி எனக்கு எங்க கிடைப்பாங்க?" அம்சவேணியின் கையைப் பிடித்துக்கொண்டார். கண்ணில் தண்ணீர்.

எல்லாரும் ஒரே சமயத்தில் பேசினார்கள். டீக்கடைக்காரர் சர்க்கரை தூக்கலாக இன்னொரு சுற்று டீ போட்டார்.

அம்சவேணிக்கு மட்டும் மனசு ஆறவில்லை. அந்த வெளிச்சத்தில் முழு முகத்தையும் பார்த்த பிறகுதானே அந்தம்மா சரி என்றார்? அப்படியென்றால் அபிநயாவின் மெஷின் பரவாயில்லையோ? மெதுவாக இருசப்பனிடம் போய், வலது கன்னத்தைக் கொஞ்சம் முன்னால் நீட்டியபடி கேட்டாள்.

"ஏங்க, உங்க அக்காவுக்கு எங்ககிட்ட எதைப் பார்த்துங்க இவ்ளோ புடிச்சுப்போச்சு?"

இருசப்பன் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, அவளுடைய வலது காதில் வாயை வைத்து, அடி அண்ணாமலை முழுவதற்கும் கேட்கும்படி ரகசியம் சொன்னார்:

"அக்காவுக்கு இடது காது சுத்தமா கேக்காதுங்க டீச்சரம்மா, பொண்ணு வீட்ல கிண்டல் பண்ணுவாங்கன்னுதான் மூணு வருஷமா ஒளிஞ்சுக்கிட்டு இருந்துச்சு, உங்களுக்கும் அதே காதுதான் கேக்கலைன்னு பார்த்த பிறகுதான் அதுக்கு உசுரே வந்துச்சு!"