நோகாமல் ஓட்டும் தர்மலிங்கம்

வண்டிக்கு நோகாமல் வண்டி ஓட்டுபவர் என்றொரு இனம் மலேசியாவின் கெடா மாநிலம் முழுக்கப் பரவியிருக்கிறது. பாலிங் ஊரில் அதன் தலைமைப் பிரதிநிதி மளிகைக்கடை தர்மலிங்கம்.

டீசல் பிக்கப் ஒன்றை வாங்கி, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, மாலை போட்டு அழைத்துவந்த நாள்முதல், கடைக்கும் வீட்டுக்கும், வீட்டுக்கும் கோவிலுக்கும், கோவிலிலிருந்து அடுத்த சந்துத் தேநீர்க் கடைக்கும், பிள்ளைத்தாய்ச்சியைக் கூட்டிப்போவதுபோல் உருட்டிப் போய்வருகிறார். இஞ்சின் சூடேறுவதற்குள் வீடு வந்துவிடும். சூடேறினால் அவருக்கு மனசு தாங்காது.

புகைக்குழாயில் கரியைப் பிடித்துவைக்க வடிகட்டி இருக்கிறது, நெடுஞ்சாலையில் நன்றாக ஓடிச் சூடேறினால்தான் அது அந்தக் கரியை எரித்துத் தீர்க்கும் என்று விற்றவர் சொன்னார். காதில் விழாமலா இருக்கும்? எரிப்பதா, என் வண்டிக்குள்ளா என்று பதறி அன்றே மறந்துவிட்டார். சில மாதங்களில் ஸ்டியரிங்குக்குப் பின்னால், வடிகட்டி அடைக்கிறது என்று எச்சரிக்கும் மஞ்சள் விளக்கு எரிந்தது. அதன்மேல் சந்தனம் தடவிக் குங்குமப் பொட்டு வைத்தார்.

அக்காள் மகன் சுகுமாரனுக்கு அலோர் ஸ்டார் நகரக் கோவிலில் கல்யாணம் வந்தது. மாப்பிள்ளை தாய்மாமன் வண்டியில்தான் வர வேண்டும் என்று தர்மலிங்கம் ஒற்றைக்காலில் நின்றார். நெடுஞ்சாலை ஏறியதும், இதற்காகவே காத்திருந்த வடிகட்டி கரியை எரிக்கத் தொடங்கியது. இஞ்சின் உறுமியது, சூட்டு வாடை அடித்தது. உடனே ஓரங்கட்டி அணைத்துவிட்டார்.

"மாமா, முகூர்த்தம் போயிரும் லா!"

"கொஞ்சம் ரெஸ்ட் எடுக்கட்டும்டா. பாவம், மூச்சு வாங்குது."

மறுபடி உறுமல், மறுபடி ஓய்வு. பிறகு எரிந்து முடியாத கரி அடைத்துக்கொண்டு, வண்டி வேகமெடுக்கவே மறுத்துவிட்டது. தக்காளி லோரி ஒன்று ஹாரன் அடித்து முந்திப்போனது. பின்னால் வந்த காஞ்சனா சித்தியின் நசுங்கிய குட்டிக் காடியில், சீர்த்தட்டுகளை மடியில் வைத்துக்கொண்டு மாப்பிள்ளை நெருக்கி உட்கார்ந்து கோவிலுக்குப் போனார். தாலி கட்டும்போது தாய்மாமன் சாலையோரத்தில் இழுவை வண்டிக்குக் காத்திருந்தார். பாவம், உண்மையாகவே அழுதுவிட்டார்.

கூடவே நின்றிருந்த மனைவி உமையாள் பட்டுச்சேலை முந்தானையை நீட்டினாள்.

"கண்ணத் தொடைங்க. ஓட்டித் தேஞ்ச காடியப் பாத்திருக்கேன். ஓட்டாம கெடுத்த ஆளு நீங்க ஒருத்தர்தான்."

எதற்குச் சிரிக்கிறீர்கள்? நீங்கள் அந்த இனமில்லை, சரி. டிவி ரிமோட்டை மட்டும் இன்னும் ஏன் பிளாஸ்டிக் உறையோடு அமுக்கிக்கொண்டிருக்கிறீர்கள்?