இங்கேயும் குற்றம்தான் என்பதற்கான சான்று

ஒரு நாட்டின் தீர்ப்பை இன்னொரு நாடு தலைவணங்கி ஏற்றுக்கொள்வதே மனித நாகரிகத்தின் சிகரம். அந்தச் சிகரத்துக்கு விருத்தாசலம் வழியாக ஒரு பாதை உண்டு. அதைப் போட்டவன் அடியேன். பக்கத்து போலீஸ் ஸ்டேஷன் ஒன்றில் பத்தொன்பது வருடம் வழக்கு எழுதும் 'ரைட்டர்' வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஏட்டு.

எதிர்வீட்டு ஜைத்தூன் பீவியின் மகன் ஷமீர், வளைகுடாவில் தன் சூப்பர்வைசரை வாட்ஸ்அப்பில் திட்டிவிட்டான். இரண்டு வருடம் சிறை. மிச்சத் தண்டனையை இந்திய ஜெயிலில் கழிக்க இரு நாட்டு ஒப்பந்தத்தில் வழி இருக்கிறது.

"கடலூர் ஜெயிலுன்னா பஸ்ஸு ஏறிப் போயி புள்ள மூஞ்சியப் பாத்துட்டு வந்துருவேண்ணே" என்றார் ஜைத்தூன் பீவி.

ஒரே நிபந்தனை: அந்தச் செயல் இங்கேயும் குற்றமாக இருக்க வேண்டும். ஆக, எட்டு மாதமாக 'என் புள்ள ஒரு தப்பும் பண்ணல' என்று அழுதவர், அவன் செய்தது இந்த ஊரிலும் அயோக்கியத்தனமே என்று நிரூபிக்க அலைந்தார். சர்வதேசச் சட்டத்தின் அழகே அழகு!

சட்டத்தில் பிரிவு இருக்கிறது என்று எழுதிப் போட்டேன். மேலிடத்துக்குப் போதவில்லை. திட்டியதற்காக இந்தப் பக்கம் வழக்குப் பதிவான நகல் ஒன்று, ஒரு மாதத்துக்குள் வேண்டுமாம்.

என் காலத்துப் பதிவேடுகளைப் பெருமிதத்துடன் புரட்டினேன். ஒன்றுகூட இல்லை. மனுவோடு வருகிறவர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்து, பேசி, வூட்டுக்கு அனுப்பும் கலையில் நான் மாவட்டப் புகழ் பெற்றவன்.

இல்லாததை உண்டாக்குவதுதானே நிர்வாகம்? ஜைத்தூன் பீவியைச் சாட்சிக்கு அழைத்துக்கொண்டு, பீங்கான் சூளை வைத்திருக்கும் நண்பர் சூசைநாதனிடம் போனேன். கப் அடுக்கும் பெண்கள் முன்னால், அச்சில் ஏறாத சொற்களால் கால் மணி நேரம் அவரைத் திட்டினேன். பிறகு விஷயத்தைச் சொல்லி, என்மேல் ஒரு புகார் கேட்டேன்.

"ஏட்டையா, இன்னிக்கி சுகர் மாத்திர போட்டீங்களா?" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார்.

கப் அடுக்கிக்கொண்டிருந்த வீராயி எழுந்து வந்தார்.

"நான் குடுக்கறேங்க. காதால கேட்டவ நானு. மேஸ்திரி என்னைத் திட்டுனான்னு மூணு தபா ஸ்டேஷனுக்கு வந்தேன். திட்டுறதெல்லாம் ஒரு குத்தமான்னு மூணு தபாவும் திருப்பி அனுப்புனீங்க. அன்னிக்கி ஒண்ணு எழுதியிருந்தா, இந்தம்மாவுக்கு இன்னிக்கி காயிதம் இருந்துருக்கும்ல?"

ஜைத்தூன் பீவி என்னைப் பார்த்து, "அப்புடியா?" என்றார். 'அண்ணே' இல்லை.

ஸ்டேஷனில் இன்றைய ரைட்டர் மோகனப்பிரியா எழுந்து நின்று வணக்கம் வைத்து, எல்லாருக்கும் டீ சொன்னார். "பேசி முடிச்சிக்கலாம் ஐயா. நீங்க போட்டுக் குடுத்த வழிதான்." எனக்குக் கண் கலங்கிவிட்டது. வீராயி டீயைத் தொடவில்லை. சாயங்காலம் வரை பெஞ்சை விட்டு எழவுமில்லை. வேறு வழியின்றி வழக்குப் பதிவானது. எதிரி: நான்.

நகல் போய்ச் சேர்ந்தது, ஷமீர் வருகிறான். அவன் செய்தது குற்றம் என்று வளைகுடா உடனே ஏற்றுக்கொண்டது. இந்தியா ஒரு மாதத்தில் ஏற்றுக்கொண்டது. பத்தொன்பது வருடமாக ஏற்றுக்கொள்ளாமல், நடுவில் கொடி நட்டு உட்கார்ந்திருந்த மூன்றாவது நாடு அடியேன்தான்.